கையெழுத்து போடாதே, முதலில் உட்கார்ந்து பார்

டர்பன்
தென்னாப்பிரிக்கா
ஆகஸ்ட் 17

அன்புள்ள செல்வம்,

"நெடுந்தூரம் போக வசதியா ஒரு கார் வேணும், கையில பணம் கம்மி, நீதான் சொல்லணும்" என்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. மன்னித்துவிடு. அப்போது என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது நிறைய இருக்கிறது. அதற்குள் நீ ஏதோ ஒரு சிவப்பு வண்டிக்கு முன்பணம் கட்டப்போவதாக நேற்று கதிர் சொன்னான். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அதனால்தான்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா ஊரிலிருந்து வந்து உன்னோடு இருப்பது கேட்டு சந்தோஷம். வாத்தியார் போன வாரமும் உன்னைக் கேட்டார், அந்தப் புத்தகத்தையும் கேட்டார். பதினொரு வருஷமாகிறது, திருப்பிக் கொடுத்துவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. நானும் வள்ளியும் ஜோகன்னஸ்பர்க் கிளம்பினோம். பழைய வெள்ளைக் கார்தான். கிளம்பும்போதே மதியம் இரண்டாகிவிட்டது. வான் ரீனன் கணவாய் ஏறும்போது இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் இரண்டு லாரிகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சூட்டு முள் மேலே போனதை நான் பார்க்கவில்லை, வள்ளிதான் பார்த்தாள். ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. மாற்ற வேண்டும் என்று மார்ச்சிலேயே மெக்கானிக் சொல்லியிருந்தார்.

ஹாரிஸ்மித்திலிருந்து டோ டிரக் வர இரண்டு மணி நேரம் ஆனது. நீயும் நானும் ஒருமுறை எட்டே இருக்கை உள்ள அந்தக் குட்டி தேவாலயத்தைப் பார்க்க இறங்கினோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பக்கம்தான். 1,600 மீட்டருக்கு மேலே, ஜூன் மாதக் காற்று. ஒவ்வொரு லாரி போகும்போதும் கார் ஆடியது. உள்ளே உட்காரச் சொன்னேன், வள்ளி மாட்டேன் என்றாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நின்றாள். குளிருது, ஏன் இப்படி நிக்கிற என்று கோபப்பட்டேன். அப்போதுதான் சொன்னாள், "உக்காந்தா எந்திரிக்க முடியலைங்க. இந்த சீட்டுல ஹாரிஸ்மித் தாண்டினா எனக்குக் கால் மரத்துப்போகும். ஆறு வருஷமா இப்படித்தான்."

ஆறு வருஷம், செல்வம். மாதம் ஒருமுறை 570 கிலோமீட்டர் போய், மறுபடி 570 திரும்பி வந்திருக்கிறோம். மகள் வீட்டுக்குப் போனதும் அவள் படுத்துக்கொள்வாள். பயணக் களைப்பு என்று நினைத்துவிட்டேன். வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கணக்குப் பார்த்தவனுக்கு, பக்கத்தில் இருப்பவள் ஏன் நெளிகிறாள் என்று தெரியவில்லை.

இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. இருந்த நிலையிலேயே வண்டியை விற்றேன். அதோடு சேர்த்து கையில் 1,80,000 ராண்ட். காப்பீடு, பெயர் மாற்றம், டயர் எல்லாம் அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

இந்தப் பணத்துக்கு எல்லோரும் காட்டுவது வயது குறைந்த சின்ன வண்டி. நானும் முதலில் அப்படித்தான் போனேன். சுசூகி ஸ்விஃப்ட் 1.2 ஓட்டிப் பார்த்தேன். ஊருக்குள் அதைப்போலச் சுகம் கிடையாது, பெட்ரோலும் குறைவு. ஆனால் இன்ஜின் பலம் 61 கிலோவாட்தான். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பலம் போய்விடும், காற்று மெலிவதால். அப்படியானால் மேலே போய்ச் சேரும்போது கையில் ஐம்பது சொச்சம்தான் மிஞ்சும். நான்கு பேர், பெட்டிகள், முன்னால் லாரி. முந்த வேண்டுமென்றால் இரண்டு கியர் இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டு, சாமியைக் கும்பிட வேண்டும். ஆறு மணி நேரம் இந்தக் கத்தலைக் கேட்டால் ஓட்டுபவனுக்கும் தலைவலி. ஏற்றத்தில் இன்ஜின் அடங்கி இழுப்பதும் வசதிதான். அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். வயது கூடினாலும் பரவாயில்லை, வண்டி பெரிதாக இருக்கட்டும் என்று. கடைசியில் எடுத்தது டொயோட்டா கொரோலா க்வெஸ்ட், 2020 மாடல், 1.8 லிட்டர், 103 கிலோவாட். 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. நம்ம டர்பன் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்ததுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,700 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட்டில் 2,450. இந்தக் கால் மீட்டர் என்ன செய்யும் என்று கேட்காதே. பாலத்து இணைப்புகளில் சின்ன வண்டி தலையாட்டிக்கொண்டே போகும். நீளமான வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்துவிடும். வள்ளியின் இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. டேங்க் 55 லிட்டர். டர்பனில் நிரப்பினால் நடுவில் போடாமல் போய்ச் சேரலாம். கடற்கரைப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்தேன். விற்பவரிடம் சாவி வாங்கி, வள்ளியை முன் சீட்டில் உட்காரவைத்து, நாற்பது நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னேன். பிளாஸ்கில் டீ கொண்டுபோயிருந்தோம். அந்தப் பையன் மூன்று தடவை வந்து "ஏதாவது பிரச்சினையா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனான். பத்து நிமிஷத்துக்கு எல்லா சீட்டும் மெத்தைதான். இருபது நிமிஷத்துக்கு மேல்தான் யோக்கியதை தெரியும். தொடைக்கு அடியில் சீட் எவ்வளவு தூரம் வருகிறது என்று கையால் அளந்தேன். சீட் நுனிக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிக்கு மேல் இருந்தால் தொடை தொங்கும், பாரமெல்லாம் இடுப்புக்குப் போகும். இதற்கு முன் பார்த்த மூன்று வண்டிகளில் என் உள்ளங்கையே நுழைந்தது. இதில் மூன்று விரல்தான். வள்ளி டீயைக் குடித்துவிட்டு, "இதுல தூங்கலாம் போலிருக்கு" என்றாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் கிடையாது, வலது கால் அசந்துபோகிறது. பாட்டுப் பெட்டி சுமார். ஆட்டோமேட்டிக்கும் வருகிறது, கியர் படிகள் இல்லாத சிவிடி. ஏற்றத்தில் அது ஒரே சுருதியில் முழங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு கியர் மேனுவலையே எடுத்தேன். டயர் நான்கும் மாற்ற வேண்டியிருந்தது. ரப்பரெல்லாம் புதிது போலத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 3117 என்று பொறித்திருந்தது. 2017, முப்பத்தொன்றாவது வாரம். வண்டியைவிட டயருக்கு வயது அதிகம். கல் மாதிரி இறுகிப்போய் சத்தமும் போடும், மழையில் பிடிப்பும் இருக்காது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். இன்னொன்று, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் வண்டி எதை வாங்கினாலும் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியைத் தடவிப் பார்க்கிறேன், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும். நீயும் பார்.

இனி உன் சிவப்பு வண்டி. கதிர் படம் அனுப்பினான். அழகாகத்தான் இருக்கிறது, பெரிய திரை, பெரிய சக்கரம். தங்கச்சிக்குப் பிடித்திருக்கும். உனக்கும் பிடித்திருக்கும், கல்யாணத்துக்கு எடுத்த சட்டையிலிருந்தே உனக்குச் சிவப்புதான். ஆனால் நீ போகும் ரோடு என்ன? ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பன் வரை என்2 நெடுஞ்சாலை. கீ ஆற்றுக்கு இறங்கி ஏறும் வளைவு, பட்டர்வர்த், உம்டாட்டா, கோக்ஸ்டாட். வேலி கிடையாது, மாடு குறுக்கே நிற்கும், மழை முடிந்தால் குழி. அந்த ரோட்டில் பெரிய சக்கரமும் அதைச் சுற்றி ஒட்டினாற்போல மெல்லிய ரப்பரும் எதற்கு? குழியில் விழுந்தால் ரிம் நேராக அடி வாங்கும், அடி நேராக உள்ளே வரும். 15 அங்குலச் சக்கரமும் உயரமான டயரும் பார்க்க எளிமைதான், ஆனால் அந்த ரப்பர்தான் முதல் ஸ்ப்ரிங். டிக்கியைத் திற, ஸ்டெப்னி என்ன என்று பார். இங்கே மாரி பிஸ்கட் என்று சொல்வார்களே, அந்த மெல்லிய சக்கரமாக இருந்தால் யோசி. அதில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கோக்ஸ்டாட்டுக்கு முன்னால் இருட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு 80-ல் போவாயா?

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். என் வண்டியில் சீட் தாழ்வு. வள்ளி குனிந்து இறங்கிவிடுகிறாள். அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்ந்த சீட்டிலிருந்து எழுப்புவது உங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருக்கலாம். உயரமான வண்டியே வேண்டும் என்றால் அந்தக் காரணத்துக்காக எடு, திரைக்காக எடுக்காதே. எதுவானாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஏறி இறங்கச் சொல். ஒருமுறை போதாது, மூன்று முறை.

அப்புறம் பணம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மாதத் தவணை குறைவாக வருகிறது என்று கதிரிடம் நீ சந்தோஷப்பட்டாயாமே. தாளில் பலூன் என்று ஒரு வரி இருக்கிறதா பார். விலையில் முப்பது சதவீதத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தவணையைச் சின்னதாகக் காட்டுவார்கள். ஆறு வருஷம் கட்டி முடித்த அன்று அந்த முப்பது சதவீதம் மொத்தமாக வாசலில் வந்து நிற்கும். அந்தத் தொகைக்கும் ஆறு வருஷம் வட்டி கட்டியிருப்பாய். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கட்ட முடியாமல் மறுபடி கடன் வாங்கினார். நீ ஓய்வுபெற இன்னும் எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியும். "ஆன் தி ரோட்" என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல். நான் கேட்டேன், பாதி காணாமல் போனது.

போன சனிக்கிழமை இரண்டு பேரும் புது வண்டியில் போனோம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். வான் ரீனன் ஏற்றத்தில் லாரியை முந்தினேன், ஒரு கியர் இறக்கினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் வள்ளி வாய் திறந்து தூங்குகிறாள். ஹாரிஸ்மித் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. வில்கே டோலில் சில்லறை தேடும்போதுதான் கண் விழித்து, "அதுக்குள்ளவா?" என்றாள். மகள் வீட்டில் இறங்கியதும் நேரே சமையலறைக்குப் போய் ரசம் வைத்தாள்.

அடுத்த மாதம் பிரசவம். அதற்கு முன்னால் ஒரு வாரம் இங்கே சும்மாதான் இருப்பேன். சிவப்பு வண்டிக்காரனிடம் பத்து நாள் அவகாசம் கேள், கொடுப்பான். அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வா. என் வண்டியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறி இறங்கிவிட்டு வருவோம், பின் சீட்டில் நீ உட்கார்ந்து பார். வாத்தியார் புத்தகத்தையும் எடுத்துவா.

அன்புடன்,
ராகவன்