தூண்களையும் பார்த்திருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் யாங்கோன் (பழைய ரங்கூன்) பயணக் கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர்களுக்கான தவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தை 'வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உறங்கும் அழகான புல்வெளி' என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். புல்வெளி அழகுதான், மறுக்கவில்லை. 2014-ல் நானும் அங்கே போய் நின்றவள். ஆனால் என் அப்பாவைப் பெற்ற தாத்தா வெள்ளைக்காரர் இல்லை. வேலூர் பக்கத்து விவசாயி மகன். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்து, 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைக் கடக்கும்போது போனவர். உடல் கிடைக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? அங்கே கல்லறைகள் ஆறாயிரத்துச் சொச்சம்தான். நடுவில் வரிசையாக நிற்கும் தூண்களில் இருப்பதோ சுமார் 27,000 பெயர்கள். கல்லறை என்று ஒன்று வாய்க்காதவர்கள், பெரும்பாலும் இந்தியப் படைக்காரர்கள். எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனியே இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. குனிந்து கல்லைப் படித்தவருக்கு நிமிர்ந்து தூணைப் பார்க்க நேரமில்லை போலிருக்கிறது. பாவம், டாக்சி காத்திருந்திருக்கும்.

தாத்தா பெயரைத் தேட எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தலைக்கு மேலே, கை எட்டாத உயரம். குடை நுனியால்தான் தொட்டேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் என் பாட்டியை ஓர் அலுவலகம் பதினோரு வருஷம் பென்ஷனுக்கு அலைய விட்டது. 'இவர் வேறு ஆள், அம்மா' என்று அவளிடமே சொன்னார்கள். பர்மாப் போருக்காகத் தாத்தாவுக்குக் கிடைத்த பர்மா ஸ்டார் பதக்கத்தை அவள் வெற்றிலைப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தாள். ரிப்பனின் சிவப்பிலும் நீலத்திலும் சுண்ணாம்பு பட்டுத் திட்டுத்திட்டாக வெளுத்துப்போயிருக்கும். அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

நினைவுத்தூணில் 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் உயிர் நீத்தனர்' என்று ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, பஞ்சாபி (குர்முகி எழுத்தில்) என ஐந்து மொழியில் பொறித்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. (தாத்தா செத்தபோது அவரே சுதந்திர மனிதர் இல்லை என்பது வேறு கதை.) இதை உங்கள் கட்டுரையாளர் கவனித்து எழுதியிருந்தால் நானே பாராட்டிக் கடிதம் போட்டிருப்பேன்.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதும் இல்லை. சில வருஷம் முன்பு சுதந்திர தினச் சிறப்பிதழில், நேதாஜி பக்கம் நின்றவர்கள் வீரர்கள், எதிர்ப்பக்கம் நின்றவர்கள் கூலிக்காரர்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினீர்கள். என் பாட்டியின் தம்பி மலாயாவில் நேதாஜி படையில் இருந்தவர். அவருக்குத் தியாகி பென்ஷன் வந்தது, சந்தோஷம். வருஷா வருஷம் தாத்தா திதிக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான். 'மாமா சோத்துக்குப் போனாரு, நான் ஆத்திரத்துல போனேன்' என்பார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. அச்சிலும் வரவில்லை.

சரி, இப்போது கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் கட்டுரையோடு வெட்டிப் போட்ட படத்தையும் வெட்டாமல் ஒருமுறை வெளியிடுங்கள். கட்டுரையாளரின் தலைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவது அந்தத் தூண்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் பேத்தி,
வேலூர் மாவட்டம்.