நாற்பது குரல்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டின் அமைதி பழகவில்லை என்று எழுதியிருந்தாய். என் வலது காதைப் பற்றியும் கேட்டிருந்தாய். வயதினால் வரும் குறைதானாம். உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்குமாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், அருங்காட்சியகத்தில் ஒலிக்கலைக் கண்காட்சி என்றதும் கிளம்பிவிட்டேன்.

உள்ளே படமும் இல்லை, சிலையும் இல்லை. ஆள் உயரத் தாங்கிகளில் 40 ஸ்பீக்கர்கள், நீள்வட்டமாக, உள்நோக்கி நிற்கின்றன. ஜானட் கார்டிஃப் என்ற கனடாக் கலைஞர் 2001இல் உருவாக்கிய படைப்பு. 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் என்ற ஆங்கிலேயர் 40 குரல்களுக்காக எழுதிய லத்தீன் பாடலை ஒரு பேராலயப் பாடகர் குழு பாடியிருக்கிறது. ஒவ்வொரு குரல்பகுதியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனி ஸ்பீக்கரில் விட்டிருக்கிறார் கார்டிஃப். ஐந்தைந்தாக எட்டுக் குழுக்கள்.

முதலில் நடுவில் நின்றேன். ஒரு குரல் தொடங்குகிறது, இன்னொன்று சேர்கிறது, பாட்டு அறையைச் சுற்றி நகர்ந்து போகிறது. திடீரென்று நாற்பதும் ஒன்றாக எழும்போது உடம்பு சிலிர்த்துப்போனது. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கண்டுபிடிக்கிறதாம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம்! எனக்கு அது இன்னும் தெரிகிறது என்பதில் எவ்வளவு நிம்மதி, தெரியுமா?

அப்புறம் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கூட்டம் கரைந்து ஒரே ஒரு மனிதர் மிஞ்சினார். கனத்த குரல். மூச்சு இழுப்பது கேட்டது. தன் வரி வரும்வரை காத்திருந்து, வந்ததும் பாடிவிட்டு மறுபடி அமைதியானார். நடுவில் நின்றபோது அவர் இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

பாட்டு சுமார் 11 நிமிடம். அதன் பிறகு மூன்று நிமிட இடைவேளையையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பாடகர்கள் இருமுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ பேசுகிறார்கள். எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடித்தது. வந்தவர்களில் பலர் அதற்குள் வெளியே போய்விட்டார்கள், பாவம். திரும்பத் திரும்ப ஓடுகிறது, நான் நான்கு சுற்று இருந்தேன்.

அங்கே நிற்கும்போது உன் ஞாபகம்தான். பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் ஆறு வருடம் உன் தோளை ஒட்டி நின்று பாடியிருக்கிறேன். நான் மேல் குரல், நீ கீழ்க் குரல். உன் சுருதிக்கு நான் இழுபட்டுவிடக் கூடாது என்று, உன்னைக் கேட்காமல் இருக்கத்தான் அத்தனை வருடமும் பழகினேன். நீ எப்படிப் பாடுவாய் என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஆண்டு விழாவில் பாடுவோமே அந்தப் பாட்டு, அதில் உன் பகுதியை மட்டும் ஃபோனில் பாடிப் பதிவு செய்து அனுப்பு. குரல் போய்விட்டது என்றெல்லாம் சொல்லாதே. நடுவில் இருமினாலும் வெட்டாமல் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய மேல் குரல்