எதிர்சேவை நாளில் வெள்ளைப் பக்கம்: ஹோஸ்டிங் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹோஸ்டிங் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கிறவன் நான். என்னையும் சேர்த்து இரண்டு பேர். எங்கள் பொறுப்பில் இருக்கும் 31 தளங்கள் உங்கள் சர்வர்களில் குடியிருக்கின்றன. உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால், இதே வேலையை இதே விதமாகச் செய்யும் மற்ற நிறுவனத்தார் தங்களுக்கு வந்த மடலாக எடுத்துக்கொள்ளட்டும்.

கடந்த சித்திரையில், மதுரைக்கு வரும் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று காலை நான் மூன்றுமாவடியில் கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். மணி பத்தை நெருங்கும்போது மேல வெளி வீதியில் விடுதி நடத்தும் அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு. "தம்பி, ஊரே இங்கே வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் விடுதிப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே?" என்றார். மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். வருடத்தில் அவருடைய அறைகள் முழுதாக நிரம்பும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இது தலையாயது.

ஆட்டோ நகரவில்லை. பாதித் தூரம் நடந்தே வந்தேன். நடந்துகொண்டே உங்கள் உதவிப் பிரிவுக்குச் செய்தி அனுப்பினேன். "கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள்" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதில், இந்த முறை ஒரு சிரிப்பு முகத்துடன்.

அறைக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த சர்வரில், தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பை எடுத்துவிட்டு 8.2-ஐ வைத்திருக்கிறீர்கள். நள்ளிரவில் செய்ததாக உங்கள் குறிப்பு சொல்கிறது. யாருடைய நள்ளிரவு? ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 12 என்றால் மதுரையில் காலை 9.30. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி காட்டும் நேரம் அது.

நீங்கள் பதிப்பை உயர்த்தியதே தவறு என்று சொல்ல மாட்டேன். பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் அதை ஓட்டிக்கொண்டிருப்பது, பூட்டு உடைந்த வீட்டில் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு உறங்குவது போலத்தான். உயர்த்தத்தான் வேண்டும். சொல்லிவிட்டு உயர்த்தியிருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

"சொன்னோமே" என்பீர்கள். உண்மைதான், தேடிப் பார்த்தேன்; 21 நாட்களுக்கு முன் மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதே முகவரியிலிருந்து, அதே வண்ணப் பட்டையோடு, அந்த மாதம் மட்டும் நீங்கள் அனுப்பிய பதினான்கு தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில். ஜிமெயில் அத்தனையையும் விளம்பரப் பகுதிக்குள் தள்ளிவிட்டது. திறந்து படித்தாலும் 'சில வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படக்கூடும்' என்று இருக்கிறதே தவிர, அந்தச் சிலரில் நான் உண்டா, என் எந்தத் தளம் என்று ஒரு சொல் இல்லை. எங்கள் கிராமங்களில் தண்டோரா போடுகிறவர் தெருத் தெருவாக வந்து, முச்சந்தியில் நின்று, 'நாளைக் காலை கண்மாய் மடை திறக்கிறார்கள், ஆடு மாடு ஓட்டிப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நாளையும் இடத்தையும் ஆளையும் சொல்லிவிட்டுப் போவார். உங்கள் தண்டோரா, சந்தைக்கடை இரைச்சலுக்குள் நின்று 'எங்கோ எதுவோ நடக்கும்' என்று சொன்னதுபோல் இருந்தது.

இவ்வளவுக்கும் எந்தக் கணக்கு எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பது உங்கள் சர்வருக்கு நன்றாகத் தெரியும். அதைப் பட்டியலாக எடுக்க உங்கள் பொறியாளருக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். 'உங்கள் 31 தளங்களில் இந்த நான்கும் பழைய பதிப்பில் இருக்கின்றன. இந்திய நேரப்படி இன்ன நாள், இன்ன மணிக்கு மாறும்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். நான் அன்று அழகரைப் பார்த்திருப்பேன்.

என் பங்கையும் மறைக்கக் கூடாது. அண்ணாச்சியின் தளத்தைக் கவிழ்த்தது அறை முன்பதிவுப் படிவத்தில் இருந்த 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பிஎச்பி கட்டளை உள்ள ஒரே ஒரு வரி. 2016-ல் அதை எழுதியவன் நானே. அந்த வசதி போகப்போகிறது என்று 2017 நவம்பரில் வெளிவந்த பிஎச்பி 7.2 எச்சரிக்கத் தொடங்கியது. 2020 நவம்பரில் வந்த 8.0-ல் எடுத்தேவிட்டார்கள். மூன்று வருடம் அந்த மொழி தண்டோரா போட்டிருக்கிறது. பக்கத்தில் பிழைச் செய்திகள் தெரிந்தால் அசிங்கம் என்று காட்டுவதையும் கோப்பில் பதிவதையும் சேர்த்தே நான் அணைத்து வைத்திருந்தேன். அதனால் எச்சரிக்கையும் காதில் விழவில்லை. கடைசியில் பிழையும் கண்ணில் படாமல் வெறும் வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது. காட்டுவதை அணைக்க வேண்டும், பதிவதை ஒருநாளும் அணைக்கக் கூடாது. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு எதிர்சேவை செலவானது. படிவம் சரியானபோது மணி பன்னிரண்டே முக்கால்.

இது போனால் போகட்டும். வழக்கின் இரண்டாம் பாகம்தான் எனக்கு ஆறாதது.

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் தளத்தை, ஆடி மாதம் நீங்கள் புது சர்வருக்கு மாற்றினீர்கள். மாறிய பிறகு சேலைப் பெயர்கள் எல்லாம் தலையில் கொம்பும் கூரையும் வைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தன. வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். "இது என்ன தம்பி, வாங்குகிறவர்கள் எல்லாரும் நம்மைக் கேள்வி கேட்கிறார்களா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைத் தமிழில் தளம் செய்கிற யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழில் வழக்கமாக எழுதும் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'மீனாட்சி' என்று எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து. துணைக்கால், புள்ளி முதலியவையும் தனித்தனி என்பதால் கணினிக்கு எட்டுக் குறி, 24 பைட். பழைய தளங்களில் தரவுத்தள அட்டவணை, மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறையான 'லத்தீன்1' என்று அறிவிக்கப்பட்டிருக்கும். தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பும் அப்படியே இருக்கும். உள்ளே போன பைட்டுகள் மாறாமல் வெளியே வருவதால் தமிழ் ஒழுங்காகவே தெரியும். இரண்டு பொய் சேர்ந்து ஒரு மெய்போல நடந்துகொண்டிருக்கும். புது சர்வரில் இணைப்பு மட்டும் 'யூடிஎஃப்8எம்பி4' (முழுமையான யூடிஎஃப்-8) ஆகும்போது கூட்டணி உடைந்து, கொம்பு வைத்த எழுத்துகள் வருகின்றன. அந்த நிலையில் பதறி எதையும் அழித்துவிடக் கூடாது. பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அட்டவணையின் அந்த நெடுவரிசையை முதலில் பைனரியாகவும் (வெறும் பைட்டுகளாகவும்) பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆகவும் மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். எனக்கு இரண்டு இரவு பிடித்தது. கேள்விக்குறி வந்தால் கதை வேறு. சரியான யூடிஎஃப்-8 தரவை நகல் எடுக்கும்போதே யாரோ லத்தீனுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே எழுத்து செத்துவிட்டது; பழைய பேக்கப் நகலைத் தவிர வேறு மருந்து கிடையாது. நல்லவேளையாக என் அறையில் ஒன்று இருந்தது.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்று போட்டால் அது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் நாம் ஏமாந்துபோவோம். சிரிப்பு முகம் நான்கு பைட், அடங்காது. 2019-ல், உலக எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் சேர்த்தார்களே, காணி, முந்திரி என்று நம் பழைய பின்னக் குறிகள், அவையும் நான்கு பைட்தான். எனவே எப்போதும் யூடிஎஃப்8எம்பி4. 2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-ல் இயல்பாக அமைந்திருப்பதும் அதுவே.

நிறுவனத்தாரே, இதில் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். ஒரு தளத்தை மாற்றியதும் முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று மட்டும் உங்கள் ஆட்கள் பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு தமிழ் வரியைப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதன் எண்) மாறப்போகிறது என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். தளப் பெயரை அந்த எண்ணோடு சேர்க்கும் டிஎன்எஸ்ஸில், பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்று சொல்லும் டிடிஎல் 14,400 நொடியாக இருக்கிறது; அதை முந்தின நாளே 300-க்கு இறக்கிக்கொள்வேன். மாற்றம் நான்கு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் பரவும். எந்த சர்வர் நம் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புது முகவரியைச் சேர்த்துக்கொள்வேன். அது விட்டுப்போனால் 'உங்கள் அறை உறுதி' என்ற கடிதம் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடும். அனுப்புகிறவரை உறுதிப்படுத்தும் விதிகளை 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இறுக்கிவிட்டது உங்களுக்குத் தெரியாததில்லை.

இன்னொன்று. உங்களிடம் நேரடியாகக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் பலருக்கு ஆங்கில மின்னஞ்சல் புரியாது. பொங்கல் தள்ளுபடியை மட்டும் அழகான தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பத் தெரிகிறதே உங்களுக்கு! அதே தமிழில் 'உங்கள் தளம் நின்றுபோகக்கூடும், செய்து கொடுத்தவரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி அனுப்பக் கூடாதா? பழைய பதிப்பை ஒரேயடியாகப் பிடுங்காமல், ஒரு மாதமாவது திரும்பிப் போக வழி வையுங்கள். சித்திரை, தீபாவளி, பொங்கல் வாரங்களில் சர்வரில் கை வைக்காதீர்கள். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்றால் வேறு.

இந்த மடலை என்னைப் போன்ற தொழில்காரர்களும் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அண்ணாநகரிலும் கே.கே.நகரிலும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நிறுவனத்தைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் துணை டொமைன் (தளப் பெயரின் கிளை) ஒன்றில் தளத்தின் நகலை வைத்து, அதற்கு மட்டும் புதிய பிஎச்பியைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்து படியுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும். பேக்கப்பை அதே சர்வரில் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது. 2021 மார்ச் 10-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, அங்கேயே பேக்கப்பையும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. திருப்பி நிறுவிப் பார்க்காத பேக்கப்பை நான் இப்போது பேக்கப் என்றே எண்ணுவதில்லை.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தரவைப் பூட்டிவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழையும் கவனியுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. வருடம் ஒருமுறை கையால் புதுப்பித்துக் காசு வாங்கும் பிழைப்பு இனி நடக்காது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். டொமைனை வாடிக்கையாளர் பெயரில் பதிவுசெய்யுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்பே பக்கத்தின் இணைய முகவரியாகப் போனால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 200 எழுத்து எல்லையில் இருபத்திரண்டு குறிதான் நிற்கும், மிச்சம் வெட்டுப்படும். முகவரியைக் கையாலேயே சுருக்கமாக எழுதிவிடுங்கள்.

மீண்டும் நிறுவனத்தாருக்கு. பிஎச்பி 8.2-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 டிசம்பர் 31-உடன் முடிகின்றன. அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல். என் 31 தளங்களில் ஒன்பது அந்தப் பதிப்பில் இருக்கின்றன. அண்ணாச்சியின் விடுதியும் அதில் ஒன்று. அவை எவை என்று உங்கள் சர்வருக்குத் தெரியும். என் மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் உங்களிடம் இருக்கின்றன. தள்ளுபடிச் செய்தி நேற்றுகூட வந்தது.

இப்படிக்கு,
சிம்மக்கல் மாடி அறையிலிருந்து
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்,
மதுரை