மாசியில் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கன்னியாகுமரி பயணக் கட்டுரையைப் படித்தேன். மே மாதத்தில் குடும்பத்தோடு வந்த கட்டுரையாளர், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்காக மூன்று மணி நேரம் வரிசையில் நின்றதையும், அஸ்தமனம் சரியாகத் தெரியாமல் போனதையும், அறை வாடகையையும், மீன் சாப்பாட்டின் விலையையும் வரிசையாக எழுதிவிட்டு, இனி அங்கே போவதில் அர்த்தமில்லை என்று முடித்திருந்தார்.

நான் நாகர்கோவிலில் பிறந்து, இங்கேயே ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் அந்த ஊருக்குப் பெயர் இன்றும் 'கேப்'தான். சின்ன வயதில் சாயங்காலம் அப்பா "கேப்புக்குப் போலாமா?" என்று கேட்டால், அடுத்த பஸ்ஸில் இருப்போம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. போன வருடம் பொங்கல் விடுமுறையில் என் தங்கை குடும்பம் வந்திருந்தபோது, ஒரு விடுதியில் போனில் சொன்ன வாடகையை நேரில் இரண்டு மடங்காக்கினார்கள். அறையில் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை படகுத்துறை வரிசை தெருவைத் தாண்டிப் போயிருந்தது. தங்கையின் மாமியாருக்கு முட்டுவலி. பாதி வரிசையில் உட்கார இடமில்லாமல் திரும்பிவிட்டோம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே கோபம் நியாயமானது. அவர் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அஸ்தமனத்தை எடுத்துக்கொள்வோம். 'சூரியன் உதிப்பதையும் மறைவதையும் கடலில் பார்க்கலாம்' என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து சுற்றுலாப் பலகை வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. எந்த மாதம் என்று யாரும் சொல்வதில்லை. முனையிலிருந்து எங்கள் கரை மேற்கே போகும்போது கொஞ்சம் வடக்காக ஏறுகிறது. வெயில் காலத்தில் சூரியனும் மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் மறையும். அதனால் மே மாதத்தில் முக்கடல் சங்கமத்தில் நின்றால் சூரியன் நிலத்தின் பக்கம் போய்விடும். அப்போது பார்க்க வேண்டுமானால் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே மேற்கே இருக்கும் கோவளம் கடற்கரைக்குப் போக வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை சங்கமத்தில் நின்றபடியே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். கட்டுரையாளரை ஏமாற்றியது மாதம். கூட்டமே இல்லாமல் அவர் தனியாக நின்றிருந்தாலும் அன்று அதே ஏமாற்றம்தான்.

மீன் விலைக்கும் அதே காரணம்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகில் வரும் மீனை ஊரும் சுற்றுலாவும் சேர்ந்து பங்கிட்டால் விலை எப்படி இறங்கும்? அது முடிந்து ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால், கடல் சீற்றத்தில் பாறைக்குப் போகும் படகும் நின்று நின்றுதான் ஓடும்.

அப்புறம் கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து அய்யப்ப சீசன். மகர விளக்கு முடியும் வரை கறுப்பு வேட்டிகளும் வேன்களும் சீசன் கடைகளும் ஊரை நிறைத்துவிடும். அதன் பிறகு பள்ளிகளில் பரீட்சை நெருங்குவதால் குடும்பங்கள் வருவது குறையும். மாசி மாதத்தில், அதுவும் வார நாளில் வந்து பாருங்கள். அது வேறு ஊர். சூரியன் கடலில்தான் விழும், சின்னமுட்டத்தில் படகுகள் வரும் போகும், காற்றும் சுகமாக இருக்கும்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு விவேக் எக்ஸ்பிரஸ் வருகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாட்களுக்கும் அதிகமான பயணம். அதிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கும் வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன். நேராகத் தண்ணீருக்குப் போய், காலை நனைத்து, இரண்டு கையிலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். திரும்ப ஒருமுறை அவர்களால் வர முடியுமா என்பது சந்தேகம். அவர்களைப் பார்த்து 'கூட்டம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் நாம்தான் அவர்களுக்கு விடுமுறை நாட்களை விட்டுக்கொடுத்து, வேறு நாளில் போக முடியும்.

பாறையைப் பார்க்காமல் எப்படி என்று கேட்பார்கள். பாருங்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானத்தில் இருந்த பாறை அது. மண்டபம் 1970-இல் எழும்பியது. பக்கத்துப் பாறையில் 133 அடியில் நிற்கும் வள்ளுவரை 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது, தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் மூன்று மணி நேர வரிசையில் வயதானவர்களை நிறுத்தித்தான் பார்க்க வேண்டுமென்றால், அன்றைக்கு வேண்டாம். கரையிலிருந்தே வள்ளுவர் தெரிகிறார்.

நெரிசல் என்பது படகுத்துறையிலிருந்து பகவதி அம்மன் கோயிலைச் சுற்றிக் காந்தி மண்டபம் வரை உள்ள துண்டு இடத்தில்தான். படகுத்துறையை ஒட்டியே வாவத்துறை என்ற மீனவக் கிராமம் இருப்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சுனாமி அன்று பாறையில் மாட்டிக்கொண்ட பயணிகளைக் கரைசேர்க்கப் படகெடுத்துப் போனவர்கள் எங்கள் மீனவர்கள். அதே அலைதான் மணக்குடிப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது, குளச்சலில் அத்தனை பேரை எடுத்துக்கொண்டது. சொந்தக் கரையே கலங்கிக் கிடந்த நாளில் அவர்கள் அந்நியர்களுக்காகக் கடலில் இறங்கினார்கள். இந்த ஊருக்கு வருகிறவர்கள் அந்தத் தெருக்களில் மரியாதையோடு ஒருமுறை நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அலங்கார உபகார மாதா கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உள்ளே எவ்வளவு அமைதி என்று தெரியும்.

சென்ற மாசிப் பௌர்ணமிக்கு என் மதினியை அழைத்துப் போனேன். சென்னையில் நாற்பது வருடம் இருந்தவர், "அந்த நெரிசல்ல நான் வரல" என்று ஒவ்வொரு முறையும் மறுத்தவர். பஸ்ஸில் போகும்போதே சுசீந்திரம் குளத்தில் பறவைகளைக் காட்டினேன். அன்று பாறைக்குப் போகத் திட்டமே போடவில்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து படகு நிற்பதுண்டு. நேராகச் சங்கமத்துக்குப் போய் உட்கார்ந்தோம்.

சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் தெரிவது சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் என்று நினைத்து, அன்று ஊரே கொள்ளாத கூட்டம் வருகிறது. பௌர்ணமி என்றாலே சூரியன் விழும் வேளையில் எதிர்ப்பக்கம் நிலா எழும். மேகம் மட்டும் மறைக்காமல் இருக்க வேண்டும். அன்று மறைக்கவில்லை. மேற்கே சூரியன் பாதி தண்ணீருக்குள் போயிருக்கும்போது, மதினி என் தோளைத் தட்டிக் கிழக்கே காட்டினார். மஞ்சளாக, பெரிதாக, கடலை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. எங்களைச் சுற்றி ஐம்பது பேர் இருந்திருக்கலாம். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு சுண்டல்காரப் பையன்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை வெளியிடும்போது, எழுதியவர் எந்த மாதம், எந்தக் கிழமை போனார் என்பதையும் மேலே போடுங்கள். விடுதி வாடகையும் படகு வரிசையும் சரியாக வேண்டும் என்று தொடர்ந்து எழுதுங்கள், நாங்களும் எழுதுகிறோம். அந்தக் கட்டுரையாளருக்கு என் கடிதத்தைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். அடுத்த மாசியில் அவர் குடும்பத்தோடு வந்தால், கோவளத்துக்கும் வாவத்துறைக்கும் நானே கூட்டிப்போகிறேன். மத்தியானம் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். சாயங்காலம் கேப்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்