வீட்டுக் கரண்ட் கணக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கரண்ட் செலவைக் கண்காணிப்பது பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். எழுதுகிறவர்கள் ஆர்வத்தோடுதான் எழுதுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்மார்ட் பிளக்கை மாட்டுங்கள், செயலியை இறக்குங்கள், எல்லாம் கைப்பேசியில் தெரியும் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் கேட்வே என்று ஒரு பெட்டி இருக்கிறதே, மீட்டர் சொல்வதையும் சோலார் இன்வெர்ட்டர் சொல்வதையும் பிளக் சொல்வதையும் கேட்டு ஒரே மாதிரி ஆக்கி வீட்டு நெட்வொர்க்கில் விடுகிற பெட்டி, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற கருவிகள் எத்தனை வருடம் உழைக்கும் என்பது அந்தப் பெட்டியைப் பொறுத்தது. அது வெளியே எங்கோ இருக்கிற சர்வரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் வீட்டுக்குள்ளேயே கணக்கு வைத்து, வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வாங்கிய பெட்டி எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் செய்தது, வாங்கும்போது அது எனக்குத் தெரியாது. ஒரு தடவை இணையம் இரண்டு நாள் வரவில்லை. வீட்டில் கரண்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, மீட்டர் பக்கத்தில் மாட்டியிருந்த சென்சாரின் விளக்கு பச்சையாக எரிகிறது, பெட்டியின் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் விட்டு விட்டு எரிகிறது. கைப்பேசியைத் திறந்தால் சாதனம் இணைப்பில் இல்லை என்ற ஒரே வரி. பத்தடி தள்ளி இருக்கிற மீட்டரின் அளவு கைக்கு வர வேண்டுமென்றால் அது முதலில் ஊர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அது கூடப் பரவாயில்லை. இரவு 10 மணிக்கு அணையும்படி வைத்திருந்த தண்ணீர் ஹீட்டர் அணையவே இல்லை, ஏனென்றால் அந்த நேர அட்டவணையும் சர்வரில்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் குளியலறைக்குப் போனபோது சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இணையம் திரும்பிய பிறகும் வரைபடத்தில் அந்த இரண்டு நாள் வெறும் இடைவெளிதான்.

என் வீட்டில் இரண்டு நாளோடு போயிற்று. ரிவால்வ் என்ற கேட்வே பெட்டியை வாங்கியவர்களுக்கு நடந்தது பெரிது. அந்தக் கம்பெனியை 2014-இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, நன்றாக இருந்த பெட்டிகள் அத்தோடு செத்துப்போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பிறகு பயனாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓடவைத்தார்கள். இப்படி யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பி வீட்டு ஹீட்டரையும் மோட்டாரையும் ஒப்படைக்க முடியுமா?

இப்போது என் வீட்டில் ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை கணினிதான் கேட்வே. அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. 2013-இல் பவுலஸ் ஷவுட்சன் தொடங்கியது, 2021 ஆகஸ்டில் அதில் ஆற்றல் கணக்குக்கென்றே தனிப் பக்கம் வந்தது. வேறு மென்பொருள்களும் உண்டு, எதை எடுத்தாலும் சரி, இணையக் கம்பியைப் பிடுங்கினாலும் ஓட வேண்டும். மெமரி கார்டில் மட்டும் ஓட்டாதீர்கள், நாள் முழுக்கச் சில வினாடிக்கு ஒரு முறை அளவை எழுதிக்கொண்டே இருந்தால் கார்டு தேய்ந்து போகும், அதைவிட அதிகம் உழைக்கிற எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. ரௌட்டருக்கும் இந்தக் கணினிக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். ரௌட்டரில் இதற்கென்று ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது முகவரி மாறி எல்லாக் கருவியும் இதைத் தேடிக்கொண்டிருக்கும்.

அளப்பதற்கு முதலில் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவிலுள்ள வினாடியால் வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைத்துவிடும். 5 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் வீடு 225 வாட் இழுக்கிறது. இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்று பாருங்கள், தூங்கும்போதும் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். அந்த விளக்கின் மேல் ஒரு ஒளி சென்சாரை ஒட்டிச் சிமிட்டலை எண்ண வைப்பதுதான் இருப்பதிலேயே எளிய வழி, ஒரு வயரையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது சிடி கிளாம்ப், வயரைச் சுற்றி மாட்டுகிற வளையம். இதில் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். ஏசிக்குப் போகும் கேபிளை அப்படியே வளையத்துக்குள் விட்டு மூடினேன், ஏசி ஓடுகிறது, அளவு பூஜ்யம். வளையத்தைக் கழற்றி மாட்டினேன், மென்பொருளை மறுபடி ஏற்றினேன், பூஜ்யம்தான். ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் ஒரே வளையத்துக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன, ஃபேஸ் வயரை மட்டும் தனியாகப் பிரித்து வளையத்துக்குள் விட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. வளையத்தின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அது பெரும்பாலும் கரண்ட்டை இழுக்கும் கருவி, இங்கே ஏசி, இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், வோல்டேஜையும் அளக்கிற பெட்டியில் திருப்பி மாட்டினால் செலவு வரவாகத் தெரியும். சோலார் இருக்கிற வீட்டில் இந்தத் தவறு கணக்கையே தலைகீழாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உள்ளே மின்தடை (ரெசிஸ்டர்) இல்லாத வகை கிளாம்ப் என்றால், கரண்ட் ஓடுகிற வயரில் வளையம் இருக்கும்போது அதன் மறுமுனையைப் பெட்டியிலிருந்து பிடுங்கவே கூடாது, திறந்து கிடக்கும் முனைகளில் ஆபத்தான வோல்டேஜ் உண்டாகும். வீடு முழுக்கக் கரண்ட்டைப் பிரித்துவிடுகிற டிபி பாக்ஸைத் திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். அப்புறம், கிளாம்ப் கரண்ட்டை மட்டும்தான் அளக்கும். வோல்டேஜையும் சேர்த்து அளக்காத கருவி ஒரு உத்தேச வோல்டேஜை வைத்துப் பெருக்குகிறது, பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதை, கண்டுகொள்வதில்லை. ஹீட்டருக்கு இது ஏறக்குறைய சரியாக வரும், மோட்டாருக்கும் ஃபிரிட்ஜுக்கும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

நான் முக்கியமாக நினைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கருவி அனுப்புகிற வாட் அளவை வைத்துக் கேட்வே தானே கூட்டி யூனிட் கணக்குப் போடலாம், அல்லது கருவிக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகிற மொத்த யூனிட்டை வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் நெட்வொர்க் ஒரு மணி நேரம் அறுந்தால் முதல் வழியில் அந்த ஒரு மணி நேரச் செலவு போனது போனதுதான், இரண்டாவது வழியில் இணைப்பு வந்ததும் மொத்தம் சரியாக வந்து நிற்கும். மொத்த யூனிட் தருகிற கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

டிபி பாக்ஸுக்குள் பொருத்துகிற மீட்டர்களும் இன்வெர்ட்டர்களும் பெரும்பாலும் பேசுவது மோட்பஸ் மொழி, 1979-இல் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைக்காகக் கொண்டுவந்தது. ஆர்எஸ்-485 என்ற இரண்டு வயர் இணைப்பில் ஓடும், வைஃபை போலத் தடுமாறாது. இரண்டாவது மீட்டரை நான் இதே வயரில் சேர்த்ததும் இரண்டுமே நின்றுபோயின. ஒன்றைக் கழற்றினால் மற்றது ஓடுகிறது, எதைக் கழற்றினாலும் அப்படித்தான். கடைசியில் பார்த்தால் இரண்டும் முகவரி 1 என்றே தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கின்றன, கேட்வே கேட்டவுடன் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பியிருக்கின்றன. ஒன்றின் முகவரியை 2 ஆக்கியதும் சரியாகிவிட்டது. ஏ, பி என்ற முனைகளின் பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடுகிறார்கள், பதில் வராவிட்டால் முதலில் அந்த இரண்டு வயரை மாற்றிப் பாருங்கள். நீளமான வயர் என்றால் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை வைக்க வேண்டும்.

ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசுகிற பிளக்குகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: அதுவும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. ஜிக்பீயைக் கேட்கக் கேட்வேயில் செருகுகிற டாங்கிளை யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகினால் அந்தத் துளையே அதே வரிசையில் இரைச்சல் எழுப்பும். ஒரு முழ நீள நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்த பிறகு என் வீட்டில் மொட்டைமாடி சென்சார் ஒரு நாளும் விடுபடவில்லை.

இவையெல்லாம் சொல்வதை ஒரே இடத்தில் சேர்க்க எம்கியூடிடி என்ற முறை இருக்கிறது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது, அதனால்தான் மெதுவான, அறுந்து அறுந்து வருகிற இணைப்பிலும் தாக்குப்பிடிக்கிறது. இதில் ஒரு கருவி, நான் இணைப்பை இழந்தால் இந்தச் செய்தியை என் சார்பில் அறிவித்துவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதைக் கட்டாயம் அமைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன சென்சாரின் கடைசி அளவு திரையில் அப்படியே நின்றால் அதை நம்பி மோட்டாரைப் போட்டுவிடுவோம்.

கட்டுப்பாடு என்று வரும்போது நான் கொஞ்சம் பயந்தவன், பயப்படவும் வேண்டும். ஹீட்டரையோ மோட்டாரையோ சின்ன ரிலேயில் நேராக மாட்டாதீர்கள், ரிலே ஒரு கான்டாக்டரை, அதாவது அதிகக் கரண்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்சை, இயக்கட்டும், கான்டாக்டர் சுமையைத் தாங்கட்டும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும், கேட்வே அதற்கு மாற்றாகாது. கரண்ட் போய் வந்தால் ரிலே எந்த நிலையில் எழுந்திருக்கும் என்பதை அமைப்பில் பார்த்து, ஹீட்டருக்கு அணைந்த நிலை என்றே வையுங்கள். ஏசியை அணைத்தால் கம்ப்ரெசருக்கு 3 நிமிடமாவது ஓய்வு கொடுத்துத்தான் மறுபடி போட வேண்டும், அந்த இடைவெளியைக் கேட்வே விதியிலேயே எழுதிவிடுங்கள். கேட்வே முழுதாக நின்றுபோனாலும் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். என் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் பிடிக்காது, இந்த விதி அவரை மனதில் வைத்தே வந்தது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். மோட்பஸுக்குப் பாஸ்வேர்ட் என்ற ஒன்றே கிடையாது, நெட்வொர்க்குக்குள் வந்தவர் எவரும் மீட்டரைக் கேட்கலாம், இன்வெர்ட்டருக்குக் கட்டளையும் போடலாம். ஆகவே ரௌட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட் எதையும் திறந்துவிடாதீர்கள், வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு வரும் பூட்டிய தனிப்பாதை) வழியாக வாருங்கள், இந்தக் கருவிகளுக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள்.

இந்த அளவுகள் சாதாரணமானவை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. என் வீட்டு வரைபடத்தை எடுத்தால் எத்தனை மணிக்கு எழுந்தோம், எப்போது வெளியே போனோம், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. நெதர்லாந்தில் எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்க இருந்த சட்டம் 2009-இல் நாடாளுமன்ற மேலவையைத் தாண்டவில்லை, இந்தக் கவலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே நாட்டு ஸ்மார்ட் மீட்டர்களில் பி1 என்று ஒரு துளை இருக்கிறது. வீட்டுக்காரர் அதில் ஒரு கேபிளைச் செருகி, புதிய வகை மீட்டரென்றால் வினாடிக்கு ஒரு முறை அளவை நேராகத் தன் கேட்வேக்கு எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எல்லா மீட்டரிலும் இப்படி ஒரு துளை இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசையில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். இனி ஒரு கருவியைப் பற்றி எழுதும்போது ரௌட்டரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, அளவு தெரிந்ததா, நேர அட்டவணைப்படி அணைந்ததா, கம்பி வந்த பிறகு யூனிட் கணக்கு சரியாக இருந்ததா என்று எழுதுங்கள். மோட்பஸ் ரெஜிஸ்டர் பட்டியலை, அதாவது எந்த அளவை எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்ற பட்டியலை, கம்பெனி கையேட்டில் அச்சிட்டிருக்கிறதா, கேட்டால்தான் தருகிறதா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்