செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சட்டைப்பை டார்ச்சும் சென்னை வெயிலும்

நம் டார்ச் ஆர்வலர் சங்கத்தின் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பொருளாளர் தனித்தாளில் தருகிறார். ஆகவே இங்கே ரூபாய்க் கணக்கு இல்லை. மாதக் கூட்டங்களில் எதை அளந்தோம், எதை மாற்றினோம், எது கருகியது என்பதைத்தான் பதிவு செய்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாங்கும் முன் படிக்க உதவும். பழையவர்கள் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

சூடு

ஆண்டு முழுக்க நாம் திரும்பத் திரும்பப் பேசியது ஒரே கேள்விதான். டார்ச் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) நம் ஊர் இரவில் எத்தனை நிமிடம் நிற்கும்? டார்ச் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்எல்1 அளவீட்டுத் தரப்படி டார்ச்சைப் போட்ட 30ஆவது விநாடிக்கும் 120ஆவது விநாடிக்கும் இடையே வெளிச்சத்தை அளக்கிறார்கள். அதற்குப் பிறகு விளக்கு எவ்வளவு இறங்கினாலும் பெட்டியில் அந்த எண்ணே இருக்கும். எரியும் நேரத்தையோ, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடுகிறார்கள். கட்டைவிரல் பருமனில் 4000 லூமென் என்றால் அது வாணவேடிக்கை. ரசிக்கலாம், வேலைக்கு ஆகாது.

கணக்கு எளிது. டார்ச்சின் உடல் 45 டிகிரியைத் தொட்டதும் டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் தரும் சர்க்யூட்) கரண்டைக் குறைக்கிறது என்று வையுங்கள். வெளியே 25 டிகிரி இருந்தால் 20 டிகிரி இடைவெளி கிடைக்கும். வெளியே 35 என்றால் 10தான். அதே உடல் காற்றுக்குத் தள்ளும் சூடு ஏறக்குறைய பாதியாகிறது. தாக்குப்பிடிக்கும் வெளிச்சமும் அதோடு இறங்குகிறது. குளிரூட்டிய அறையில் அளந்த எண்ணைக் கத்திரி வெயில் மாத மொட்டைமாடியில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பொத்தான் கிளிக்குகளால் இயக்கும் ஆண்டுரில் 2 மென்பொருள் உள்ள டார்ச்களில் இந்த எல்லையை நாமே மாற்றலாம். எல்லா வசதியும் திறந்திருக்கும் அட்வான்ஸ்டு நிலையில், அணைந்திருக்கும்போது 3 கிளிக் செய்தால் பேட்டரி அளவு காட்டும். அங்கிருந்து 2 கிளிக் செய்தால் வெப்பநிலை. அப்போது 7 கிளிக் செய்து ஏழாவதை விடாமல் பிடியுங்கள். முதல் மின்னலில் விட்டால் சென்சாரைச் சரிசெய்யலாம்: சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால் 30 கிளிக். இரண்டாவது மின்னல் வரை பிடித்து விட்டால் வெப்ப எல்லை: வேண்டிய எண்ணில் 30ஐக் கழித்து அத்தனை கிளிக், அதாவது 50 டிகிரிக்கு 20. சென்சாரைச் சரிசெய்யும் முன் டார்ச் ஒரு மணி நேரமாவது அணைந்து கிடக்க வேண்டும். கையில் பிடித்துச் சூடேறியதை அப்படியே 30 என்று பதிந்தவர்களின் டார்ச், நிஜமாக 50 ஆகும்போது அதற்கும் கீழேதான் இருப்பதாக நம்பிக்கொண்டு எரிந்தது. எல்லையை 50க்கு மேல் வைக்க நான் சொல்ல மாட்டேன். 55 டிகிரி அலுமினியத்தை வெறுங்கையில் பிடிக்க முடியாது.

டிரைவர் தேர்வும் இதே கதைதான். லீனியர் டிரைவர், பேட்டரிக்கும் எல்இடிக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை அப்படியே சூடாக்கிவிடும். பேட்டரி 4.1 வோல்ட், எல்இடி 3.1 வோல்ட், கரண்ட் 3 ஆம்பியர் என்றால் 3 வாட் வீண். வோல்டேஜை அதிகம் வீணாக்காமல் குறைத்துத் தரும், 90 சதவீதத் திறனுள்ள பக் டிரைவரில் அதே வேலைக்கு ஏறக்குறைய 1 வாட் போகும். அந்த 2 வாட் வித்தியாசம் சட்டைப்பை அளவு உடலுக்குப் பெரிய சுமை. ஒரே ஒரு டார்ச் வாங்குகிறேன் என்பவருக்கு என் பரிந்துரை: 21700 செல் (21 மி.மீ. பருமன், 70 மி.மீ. நீளமுள்ள லித்தியம் பேட்டரி), பக் டிரைவர், ஒரே எல்இடி. நான்கு எல்இடி டார்ச் இரண்டாவதாக இருக்கட்டும்.

செல்

செல்களைக் கூட்டாக வாங்கியதில் பாடம் கிடைத்தது. ஒரு விற்பனையாளர் அனுப்பிய 18650 செல்களின் (18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம்) உறையில் கொள்ளளவு 9900 என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவு உடலுக்குள் இன்று 4000 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் அடைக்க முடிகிறது. நல்ல செல்கள் பெரும்பாலும் 2500 முதல் 3600 வரை. சமையலறைத் தராசே இதைக் காட்டிக்கொடுக்கும். நல்ல 18650 ஏறத்தாழ 45 முதல் 50 கிராம், 21700 ஏறத்தாழ 70 கிராம். வந்தவை கையில் எடுத்ததுமே லேசாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. சாம்சங் 35இ செல் 3500 தரும், ஆனால் தொடர்ந்து இழுக்கக்கூடிய கரண்ட் 8 ஆம்பியர்தான். 30க்யூ 3000தான், ஆனால் 15 ஆம்பியர். 21700இல் மோலிசெல் பி42ஏ 4200, 45 ஆம்பியர். கரண்டைக் கட்டுப்படுத்தாமல் பேட்டரியை எல்இடியோடு நேரே இணைக்கும் எஃப்இடி டிரைவர் கொண்ட நான்கு எல்இடி டார்ச்சில் 35இ போட்டால் வோல்டேஜ் சரிந்து, டர்போ எனும் உச்ச வெளிச்சம் சப்பென்று போகும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் அதில் டக்கென்று அணைந்தே விடும். நீளத்திலும் அது 68 முதல் 70 மி.மீ. வரை வருவதால் பின்மூடி முழுதாக இறுகாது. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத செல் பயன்படுத்துபவர்கள் உறையைக் கவனிக்க வேண்டும். செல்லின் உடல் முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் முனைக்கும் விளிம்புக்கும் நடுவே மெல்லிய வளையம்தான் தடுப்பு. உறை கிழிந்தால் புதுக் காகித வளையம் வைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்ட பிறகே டார்ச்சுக்குள் போடுங்கள்.

சார்ஜ் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். கொள்ளளவில் பாதி கரண்ட் போதும்: 3000க்கு 1.5 ஆம்பியர். மே மாதத்தில் வெயில் விழும் ஜன்னலோரம் சார்ஜர் வேண்டாம். செல் 45 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். நாள்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் செல்லை 3.6, 3.7 வோல்ட்டில் வையுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்ததை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து படிந்து, பின்னொரு நாள் சார்ஜில் ஷார்ட் ஆகலாம். விமானத்தில் உதிரி செல் கைப்பையில் மட்டுமே, தனித்தனி உறையில்.

எல்இடி மாற்றும் பயிலரங்கு

அதிகம் பேர் உட்கார்ந்தது இதில்தான். கான்வாய் எஸ்2+ டார்ச்சின் உடலை எடுத்துக்கொண்டோம்: எல்இடி உட்காரும் 16 மி.மீ. தட்டு, 17 மி.மீ. டிரைவர், கழற்றிப் பூட்ட எளிது. புது எல்இடி நிச்சியா 519ஏ. சால்டர் பேஸ்ட், சிலிகான் வயர், ட்வீசர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைத்தன. தட்டு செம்பாக இருக்க வேண்டும், எல்இடியின் அடியில் சூட்டைக் கடத்தும் நடுப் பேடு நேரடியாகச் செம்பைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண அலுமினியத் தட்டில் நடுப் பேடுக்கு அடியிலும் காப்புப் படலம் இருக்கும். சூடு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முறை இது. தட்டை ஹாட் பிளேட்டில் வைத்துப் பழைய சால்டர் உருகியதும் எல்இடியை ட்வீசரால் தூக்குங்கள். பேடுகளைச் சுத்தம் செய்து மூன்றிலும் மெல்லிதாகப் பேஸ்ட் தடவுங்கள். புது எல்இடியைப் பாசிட்டிவ், நெகட்டிவ் முனை பார்த்து வையுங்கள். 63/37 பேஸ்ட் 183 டிகிரியில் உருகும். உருகியதும் எல்இடி தானாக நகர்ந்து நடுவில் வந்து உட்காரும். ஓரங்களை மட்டும் லேசாக ஒருமுறை அழுத்தினால் மிகையான சால்டர் குண்டுமணியாக வெளியே வரும், துடைத்துவிடுங்கள். மேலே உள்ள சிலிகான் குமிழை அழுத்தக் கூடாது. ஆறும் வரை அசைக்கக் கூடாது. பிறகு 3 வோல்ட் காசு பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் சரி. ஹாட் பிளேட் இல்லாதவர் தோசைக்கல்லில் செய்யலாம். ஆனால் அந்தக் கல்லில் அப்புறம் தோசை ஊற்றக் கூடாது, பேஸ்ட்டில் ஈயம் இருக்கிறது.

பிழைகளில் பாதிக்கு மேல் கடைசிக் கட்டத்தில் வந்தன. வயர் பற்றவைத்த இடம் மேடாக நிற்கும். ரிஃப்ளெக்டரைத் திருகி இறுக்கியதும் அதன் அடிப்பாகம் அந்த மேட்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். விளக்கு எரியாது, அல்லது முழு வேகத்தில் எரிந்து மோடு மாறாது. மேட்டைத் தட்டையாக்கி, எல்இடியைச் சுற்றி வெள்ளை வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள்.

519ஏயின் குமிழை நகத்தால் தள்ளி எடுத்தவர்களுக்குப் பாய்ச்சல் (ஒளி எட்டும் தூரம்) கூடியது, மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, 5700 கெல்வின் வெள்ளை நிறம் ஆயிரம் கெல்வினுக்கு மேல் இறங்கி மஞ்சளானது. பழைய எல்இடியின் பச்சைச் சாயல் பிடிக்காதவர்கள் எல்இடியையே மாற்ற வேண்டியதில்லை. லீ 249 என்ற கால் பங்கு பச்சை நீக்கும் ஃபில்டரை வட்டமாக வெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் போதும். வடபழனிப் பக்கம் சினிமா விளக்கு வாடகைக்கு விடுபவர்களிடம் துண்டு கேட்டுப் பாருங்கள்.

நஷ்டத்தைக் குறைக்க, செல்லைத் தொடும் ஸ்பிரிங்கின் இரு முனைக்கும் நடுவே வயர் பற்றவைப்பது பற்றி வாக்குவாதம் நடந்தது. 50 மில்லி ஓம் ஸ்பிரிங்கில் 5 ஆம்பியர் போனால் 0.25 வோல்ட், 1.25 வாட் நஷ்டம். நேரடி டிரைவரில் பலன் தெரியும். கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவரில் செல் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்வரை ஒரு மாற்றமும் தெரியாது. என் கட்சி இதுதான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அளவீடு

லக்ஸ் மீட்டரை 5 மீட்டரில் வைத்து வந்த எண்ணை 25ஆல் பெருக்கினால் கேண்டெலா, அதாவது கதிரின் செறிவு. 800 லக்ஸ் என்றால் 20,000 கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் ஒளி எட்டும் தூரம்: 283 மீட்டர். அந்தத் தூரத்தில் விழுவது கால் லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. ஆளை அடையாளம் காண வேண்டுமென்றால் பாதித் தூரத்தை நம்புங்கள்.

மழைக்காலம்

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு முன்பே எல்லோரும் செல்களை நிரப்பிக்கொண்டோம். மின்வெட்டுக்கு டர்போ தேவையில்லை. 3000 மில்லி ஆம்பியர் மணி செல்லில் ஏறக்குறைய 10.8 வாட் மணி இருக்கிறது. வாட்டுக்கு 100 லூமென் என்றால், 100 லூமெனில் பத்து மணி நேரம். கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் ஓர் அறைக்குப் போதும். மழையில் நடக்கும்போது டார்ச்சை இடுப்பருகே பிடியுங்கள். கண்ணருகே பிடித்தால் துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நேரே கண்ணில் அடிக்கும். வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுக்கும் ஆண்டுரில் டார்ச்சை, அணைந்திருக்கும்போது 10 கிளிக்கில், வசதிகள் குறைந்த சிம்பிள் நிலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சட்டைப்பையில் போடும் முன் 4 கிளிக்கில் பூட்டுங்கள், அல்லது பின்மூடியைக் கால் திருகு தளர்த்துங்கள். மரையில் மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு இருந்தால் மட்டுமே இரண்டாவது வேலை செய்யும்.

கடற்கரைக்குப் போய் வந்தால் மரையில் உப்பு படியும். துடைத்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தில் மெல்லிதாகச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சிலிகான் ஓ-ரிங் என்றால் அந்தக் கிரீஸ் கூடாது, வீங்கிவிடும். ஜனவரி முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் பங்குனி ஆமைகள் கரையேறும். அந்த மாதங்களில் அங்கே வெள்ளை ஒளி வேண்டாம். முட்டையிட வருவது திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும். நடைக்குப் போகிறவர்கள் மங்கலான சிவப்பு எல்இடி மட்டும் வைத்துக்கொள்ளவும். அதையும் தேவைப்பட்டால் மட்டும் போடவும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இரண்டு: சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ஹாட் பிளேட், கொள்ளளவு சோதிக்கும் சார்ஜர் ஒன்று. ஒப்புதல் கோருகிறோம். பழைய செல்களைச் சேகரித்து மின்கழிவு மையத்தில் ஒப்படைக்கும் பெட்டி வாசலருகே இருக்கிறது. இரு முனையிலும் டேப் ஒட்டாமல் அதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்