ஓடுதளமா, புற்றுக்காடா: ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் குயின்ஸ்லாந்திலுள்ள எங்கள் வட்டாரக் கவுன்சிலின் உறுப்பினர்களுக்கும், ஊரை ஒட்டிய கால்நடைப் பண்ணையை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கும், இவ்வூர் மருத்துவ நிலையச் செவிலியர் வணக்கத்துடன் எழுதுவது.

பண்ணையின் 1,200 மீட்டர் மண் ஓடுதளம் யார் பொறுப்பு என்று இரு தரப்பும் எழுதிக்கொண்ட கடிதங்களை நீங்களே அறிவீர்கள். எனவே சென்ற மாதம் ஓர் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாடு வளைக்கும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஓர் இளைஞருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் அந்தப் பண்ணையின் ஊழியரேதான். தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் வந்து மருத்துவம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் வரத் தயாராக இருந்தும், நான்கு கிலோமீட்டரில் பூட்டிக் கிடக்கும் பண்ணை ஓடுதளத்தில் இறங்க வழியில்லாததால், 110 கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த தளத்துக்கு அவரை ஏற்றிச் சென்றோம். தகரக் கூரைபோல் வரிவரியாகக் கிடக்கும் அந்தச் சாலையில் வேகமாகப் போனால் உடைந்த எலும்பு ஆடும். மெதுவாகப் போனால் உள்ளே கசியும் இரத்தம் காத்திருக்காது. இடுப்பில் கட்டிய பட்டை நழுவாதிருக்கிறதா என்று மூன்று மணி நேரம் தொட்டுப் பார்த்தபடியே வந்தேன். 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதி வழிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் பிழைத்தார் என்பதால் ஏற்பாடுகள் போதுமானவை என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

முன்பெல்லாம் இரவில் விமானம் வருகிறதென்றால், கழிவறைக் காகிதச் சுருள்களை டீசலில் ஊறவைத்துப் பால்மாவு டின்களில் ஏற்றி இருபுறமும் விளக்கு வரிசை அமைப்போம்; கங்காருக்களை விரட்ட ஒருவர் காரை மேலும் கீழுமாக ஓட்டுவார். இன்று வாயிற்கதவில் பூட்டு. காற்றின் திசை காட்டும் காற்றுப் பையின் கம்பத்தில் துணி போய் இரும்பு வளையம் மட்டும் தொங்குகிறது. தளத்தின் நடுவில் முழங்கால் உயரக் கரையான் புற்றுகள். பராமரிப்பு ஒப்பந்தம் கரையான்களுக்குப் போயிருந்தால் தெரிவியுங்கள், அவற்றிடமே மனுக் கொடுக்கிறோம். 1928 மே மாதம் குளோன்கர்ரியிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம், அதுவும் வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானம், ஜூலியா கிரீக்கில் இறங்க முடிந்த இந்த மாநிலத்தில், இத்தனை ஆண்டுகள் கழித்து நாங்கள் கேட்பது ஒரு சமதரை.

தளம் மூடப்பட்டதென்றால் விதிப்படி வெள்ளைக் குறுக்குக்குறி இடுங்கள், மூடப்படவில்லையென்றால் திறந்துவிடுங்கள். இரண்டும் இல்லாத இந்த நிலைதான் ஆபத்து. தொலைதூர ஓடுதளங்களைச் சீரமைக்க மத்திய அரசின் நிதித் திட்டம் இருக்கிறது. ஆனால் தளத்துக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டுமே! மாடுகளை எண்ணுவதற்கு ஹெலிகாப்டர் வரும் பண்ணையில், அவற்றை மேய்ப்பவருக்கு விமானம் வர முடியாததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: ஓடுதளத்தைத் திறந்துவிடுங்கள். அதுவரை கதவின் சாவி ஒன்றை மருத்துவ நிலையத்தில் வைத்தால், புற்றுகளை இடிக்க ஆள் திரட்டுவது எங்கள் பொறுப்பு. மழைக்காலம் தொடங்கினால் அந்த 110 கிலோமீட்டர் சாலையும் மூடிவிடும். அதற்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.